ஈ 24

இரவு பதினொன்றே கால். வூர்ட்ஸ்பர்க்.
பாத்திரம் கழுவும் எந்திரம்
பாதிக் கழுவலில் நின்றுபோய்
சிவப்பு வெளிச்சத்தில் காட்டுகிறது:
ஈ 24.
அந்த ஊரில் அது வெறும் எழுத்து.
நமக்குத்தான்
ஈ என்றால் பூச்சி,
ஈ என்றால் கொடு.

ரோஸ்விதா கதவைத் திறக்கிறாள்.
அடியில் சாம்பல் நிறத் தண்ணீர்,
அதில் மிதக்கும் ஒற்றைப் பட்டாணி.
"டில்மன்!" என்கிறாள்
வீட்டிலேயே இல்லாதவனைப் பார்த்து.
அவன் இந்நேரம்
காலி டிராம் ஒன்றை ஓட்டிக்கொண்டு
பாலத்தின் மேல் போய்க்கொண்டிருப்பான்.

ஏழு வருட வழக்கு இது.
தட்டை வழிக்காமல் அடுக்குவான்.
கரண்டிகளை ஒன்றன் முதுகில் ஒன்று
சாய்த்து வைப்பான்,
நடுவில் பாலாடைக்கட்டி காய்ந்து பசையாகும்.
வாணலியை அவன் செருகும் கோணத்தில்
தண்ணீர் தெளிக்கும் கை முட்டிக்கொண்டு நிற்கும்.
மேல்தட்டுக் கோப்பைகள்
போன அழுக்கோடே திரும்பி வரும்.
கண்ணாடி டம்ளரில் வெண்புகை படிந்தால்
உப்புப் போட மறந்ததும் அவன்தான்.
(உள்ளதைச் சொன்னால் அது மண்ணின் குற்றம்.
சுண்ணாம்புப் பாறைக்குள் நடந்து வரும் தண்ணீர்
திராட்சைக்கு நல்லது,
கண்ணாடிக்கு ஆகாது.)

முதலில் பிளக்கைப் பிடுங்குகிறாள்.
காபிக் குவளையால் முகந்து முகந்து
பதினேழு குவளை.
மிச்சத்தைப் பஞ்சு குடித்தது.
வடிகட்டியைத் திருகி எடுத்தால்
எலுமிச்சை விதை, கண்ணாடிச் சில்லு,
சட்டைப் பொத்தான் ஒன்று.
பொத்தான் யாருடையது என்று
யோசிக்கக்கூட இல்லை அவள்.
பழைய பல் பிரஷால் கொழுப்பைத் தேய்த்துப்
பொருத்தி முடுக்கினாள்.
ஓர் உறுமல்.
ஓர் இருமல்.
ஈ 24.

தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள்.
குழாய் எங்கும் மடங்கவில்லை.
நிமிரும்போது மண்டையில் இடித்தது,
அதற்கும் டில்மன்.
மேல்வீட்டு அன்ஸ்கார்
தன் தரையை, அதாவது இவள் கூரையை,
இரண்டு முறை தட்டினார்.
பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

பிளக்கை மறுபடி பிடுங்கி,
பம்பின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பி,
விரலை விட்டாள்.
சின்னச் சக்கரம்.
அதைச் சுற்றி
காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல் ஏதோ வழவழப்பு.
மெல்ல இழுத்தாள். வந்தது.
காகிதம்.

பால்பாயிண்ட் மை பிடிவாதக்காரி,
எத்தனை கொதிநீர் பார்த்தும் கரையவில்லை:
"வெள்ளரி ஊறுகாய். ஆகஸ்ட்.
சதகுப்பை கூடுதல்."
அந்த ஆகஸ்டின் வாலை
உலகத்தில் ஒருத்திதான் அப்படிச் சுழிப்பாள்.
லேபிளை ஊறவைத்துச் சுரண்டச் சோம்பி
பாட்டில்களை அப்படியே உள்ளே தள்ளிய ஒருத்தி.

கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்,
முழங்கால் நனைய.

எந்திரம் இப்போது
தொண்டை திறந்து கடகடவெனக் கொட்டுகிறது.
அன்ஸ்கார் தட்டத் தட்ட ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு டில்மன் வந்தான்,
குளிரில் காது சிவந்து.
"என்னவாம் அதுக்கு?"
"கல்லு," என்றாள். "தண்ணீர்க் கல்லு."
அவன் முகம் தொங்கிப்போனது.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஃபிரிட்ஜில் தொங்கும் சீட்டில் எழுதினான்: உப்பு.
இரண்டு கோடு போட்டான் அதன் கீழே.
மேலங்கிப் பையில்
ஈரக் காகிதத்தை இன்னும் இறுகப் பிடித்தாள்.

காலையில் முட்டை தின்ற தட்டை
குப்பைக் கூடைமேல் சாய்த்து
வழிக்கிறான், வழிக்கிறான்,
பூப்போட்ட ஓரம் பளிச்சிடும்வரை வழிக்கிறான்.
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம்.

எந்த ஞாயிறு என்பதை
அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.